தெஹிவளை மிருகக்காட்சிசாலையும் கம்பஹா தாவரவியல் பூங்காவும்: குடும்பத்தோடு போகுமுன்

கொழும்பில் பிள்ளைகளை மிருகங்களும் மரங்களும் பார்க்கக் கூட்டிப்போகிற பலர், இரண்டு இடத்தையும் ஒரே நாளுக்குள் முடித்துவிடப் பார்க்கிறார்கள். அது சரிவராது. தெஹிவளை மிருகக்காட்சிசாலை கொழும்புக் கோட்டைக்குத் தெற்கே பத்துப் பதினொரு கிலோமீற்றரில் இருக்கிறது. ஹெனரத்கொட தாவரவியல் பூங்கா இருப்பது கம்பஹாவில், அதாவது வடகிழக்கே முப்பது கிலோமீற்றர் அளவில். இரண்டுக்கும் நடுவில் முழு நகரத்தின் வாகன நெரிசலும் கிடக்கிறது. காலையில் ஒன்று, பின்னேரம் மற்றது என்று வான் பிடித்துப் போனால், மத்தியான வெயிலில் மூன்று மணித்தியாலம் பிள்ளைகள் வாகனத்துக்குள் வேகும்.

ஆகவே முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். மிருகக்காட்சிசாலை அரைநாள் வேலை. அந்த அரைநாள் காலையாகத்தான் இருக்கவேண்டும். நாலு வயதில் இருந்து பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு அது போகத்தக்க இடம். ஹெனரத்கொடவுக்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள். அம்மம்மா, அப்பப்பா கூட வருவதென்றால் அதுவே முதல் தெரிவு. ஒரே நாளில் மரமும் மிருகமும் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு விகாரமகாதேவி பூங்கா இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

தெஹிவளை: என்ன எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

ஜேர்மன் மிருக வியாபாரியான ஜோன் ஹேகன்பெக் 1920களில் தொடங்கிய இடம் இது. அந்த நிறுவனம் முறிந்தபோது 1936இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. இன்று சுமார் 21 ஏக்கர். சுற்றிவர வீடுகளும் வீதிகளும் நெருங்கிவிட்டதால் இனி விரிய இடமில்லை. பழைய கூடுகள் பல ஒடுக்கமாக இருப்பதற்கு இதுதான் காரணம். பெரிய மிருகம் ஒன்று சீமெந்துத் தரையில் முன்னும் பின்னும் ஒரே கோட்டில் நடப்பதைப் பார்த்தால், பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். இடம் போதாமல், செய்ய வேலையும் இல்லாமல் அடைபட்டிருக்கும் விலங்கு காட்டும் பழக்கம் அது. நெரிசலைக் குறைக்கவென்றே, தெஹிவளையை நடத்தும் அதே அரச திணைக்களத்தின் கீழ் பின்னவலையில் 2015இல் ஒரு மிருகக்காட்சிசாலையும், ஹம்பாந்தோட்டை ரிதியகமவில் 2016இல் சபாரிப் பூங்காவும் திறக்கப்பட்டன. விரிந்த வெளியில் சிங்கம் உலாவுவதைக் காட்டவேண்டும் என்றால் ரிதியகமவுக்குத்தான் போகவேண்டும். தெஹிவளையின் பலம் வேறு. பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில், ஒரே வளவுக்குள், ஒட்டகச்சிவிங்கி முதல் கடல்மீன் வரை கிட்ட நின்று பார்க்கலாம். பிள்ளைக்கு ஒட்டகச்சிவிங்கியின் உயரம் படத்தில் விளங்காது. வேலிக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்தால்தான் விளங்கும்.

நிலம் சமதரை இல்லை. ஏற்றமும் இறக்கமும் உண்டு, சில இடங்களில் படிகளும் உண்டு. குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறவர்கள் பாதி நேரம் வண்டியைத் தூக்கிச் சுமப்பார்கள். ஒன்றரை வயதுக்குக் கீழே என்றால் மார்போடு கட்டும் துணிப்பை போதும். முழங்கால் வருத்தம் உள்ள பெரியவர்களை முழுச் சுற்றுக்கும் இழுக்காதீர்கள். மீன்காட்சியகத்தையும் அதற்குக் கிட்ட உள்ள கூடுகளையும் பார்த்துவிட்டு நிழலில் இருக்கட்டும். பிள்ளைகளோடு இளையவர்கள் சுற்றி வரலாம்.

எந்த ஒழுங்கில் பார்ப்பது

எல்லாமே இதில்தான் தங்கியிருக்கிறது. காலை எட்டரைக்குத் திறக்கிறார்கள், பின்னேரம் ஆறு வரை திறந்திருக்கும். பெரும்பாலான குடும்பங்கள் பத்தரை, பதினொரு மணிக்கு வந்து சேருகின்றன. அப்போது கொழும்பு வெப்பம் முப்பது பாகையைத் தொட்டிருக்கும், ஈரப்பதன் வேறு. சிங்கமும் புலியும் நாளில் பெரும்பகுதி தூங்குகிற பிராணிகள். வெயில் ஏறினால் நிழலின் கடைசி மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துவிடும். காசு கொடுத்து வந்து வாலை மட்டும் பார்த்தோம் என்று திரும்புகிறவர்கள் எல்லாரும் பிந்தி வந்தவர்களே.

எனவே எட்டரைக்கு வாசலில் நில்லுங்கள். உள்ளே போனதும் வழியில் தட்டுப்படுவதை எல்லாம் பார்த்துக்கொண்டு போகாமல் நேரே பெரிய பூனைகளிடம் போங்கள். அதிலும் முதலாவது சிறுத்தை. இலங்கைக் காட்டில் சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. நமது காட்டின் தலைமை வேட்டை விலங்கு சிறுத்தைதான், அதுவும் இலங்கைக்கே உரிய துணையினம். வில்பத்துவிலும் யாலவிலும் மணிக்கணக்கில் ஜீப்பில் காத்திருந்து காண்கிற பிராணியைப் பிள்ளை இங்கே பத்தடி தூரத்தில் பார்க்கிறது. அதன் உடம்பில் இருக்கும் புள்ளி வெறும் பொட்டு இல்லை, பூ மாதிரி வளையமாக அமைந்தது என்பதைக் காட்டிக்கொடுங்கள். அடுத்தது சிம்பன்சி, ஒராங்குட்டான். இவை காலை உணவுக்குப் பின் விளையாடும் நேரம் அது. மத்தியானம் வந்தால் ஒரு மூலையில் குந்தியிருப்பதை மட்டும் காணலாம்.

நீர்யானைக் குளத்தடியில் பலர் ஒரு நிமிடம் நின்று, ஒன்றும் இல்லை என்று போய்விடுகிறார்கள். வளர்ந்த நீர்யானை நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்செடுக்க மேலே வந்தே ஆகவேண்டும். மணிக்கூட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து நேரம் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் மூக்குத் துவாரம், பிறகு கண், பிறகு காது என்று தண்ணீருக்கு மேலே வரும் ஒழுங்கைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். தன் உடம்பைத் தானே சூடாக்க முடியாத பூச்சி அது. சிறகுத் தசை வெயிலில் சூடாகினால்தான் பறக்கும். ஒன்பதரை, பத்து மணிக்குப் பின் நல்ல வெயிலில் போனால் தலையைச் சுற்றிப் பறக்கும். மேகமூட்டமான நாளில் எல்லாம் இலைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது பறப்பதைத் தேடாமல் இலையின் அடியைப் பாருங்கள், கூட்டுப்புழுவும் கண்ணில் படலாம். சிறகைப் பிடிக்க விடாதீர்கள். கையில் ஒட்டும் தூள் அதன் செதிள், உதிர்ந்தால் திரும்ப முளைக்காது.

பதினொரு மணிக்குப் பிறகு கூரைக்குக் கீழே போய்விட வேண்டும். மீன்காட்சியகமும் ஊர்வன பகுதியும் இந்த நேரத்துக்கென்றே வாய்த்தவை. திடீர் மழை வந்தாலும் ஓடி ஒதுங்க இவையே இடம். மீன்தொட்டியைப் படம் எடுக்கும்போது பிளாஷை நிறுத்திவிட்டு, கைத்தொலைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். இடைவெளி விட்டால் மீனுக்குப் பதிலாக உங்கள் முகம்தான் விழும். பாம்புக் கண்ணாடியைத் தட்டுவது எல்லாப் பிள்ளைகளும் செய்கிற வேலை. பாம்புக்கு வெளிக்காது இல்லாவிட்டாலும் அதிர்வு உடம்பெல்லாம் போய்ச் சேரும். நாள் முழுக்க ஆயிரம் கை தட்டினால் அது தலையைச் சுருட்டிக்கொண்டு கிடப்பதில் புதினம் இல்லை. இந்தப் பகுதியில் பெரியவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மலைப்பாம்பையும் கண்ணாடி விரியனையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஊரில் மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்து விரியனில் கை வைப்பதும், விரியன் என்று நினைத்து மலைப்பாம்பை அடித்துக் கொல்வதும் நடக்கிறது. விரியனின் முதுகில் சங்கிலி கோத்தது போல வரிசையாக நீள்வட்டங்கள் ஓடும். மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கில்லாதவை.

இரவு விலங்குகள் இருக்கும் இருட்டறைக்குள் போனதும் ஒன்றும் தெரியாது. கண் பழகப் பத்து நிமிடம் வரை பிடிக்கும். டோர்ச் அடித்தால் உங்களுக்கும் தெரியாது, தேவாங்குக்கும் கண் கூசும். நின்று பாருங்கள். நிற்கமுடியாத வயதுப் பிள்ளை என்றால் அந்த அறையை விட்டுவிடுவதே நல்லது.

பின்னேரம் யானைக் காட்சி நடந்தால் அதற்காகக் காத்திருக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே இந்த மதிப்பீடு. காலையில் போன பிள்ளை மத்தியானத்தோடு களைத்துவிடும், பிறகு மூன்று மணித்தியாலம் சிணுங்கல்தான் மிச்சம். அதைவிட முக்கியமானது, யானையைப் பழக்கி வித்தை காட்டவைப்பதைப் பிள்ளைக்கு நல்ல காட்சியாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. யானைதான் வேண்டும் என்றால் ஒரு நாள் ஒதுக்கிப் பின்னவலை யானைகள் சரணாலயத்துக்குப் போங்கள். 1975இல் தொடங்கிய அந்த இடத்தில் யானைகள் கூட்டமாக மகா ஓயா ஆற்றில் இறங்கிக் குளிப்பதைப் பார்ப்பது வேறு அனுபவம்.

போக்குவரத்து, நுழைவுச்சீட்டு, சாப்பாடு

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருப்பவர்களுக்குக் காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் போதும். தெஹிவளைச் சந்தியில் இறங்கி உள்ளே ஓட்டோவில் போகலாம். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்தில் இருந்து வருகிறவர்கள் பிள்ளைகளோடு என்றால் கோட்டையில் கரையோர ரயிலை எடுப்பதே சந்தோஷம். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் கடல் ஜன்னலோடு வரும். தெஹிவளை நிலையம் வெள்ளவத்தைக்கு அடுத்தது, மெதுவாகப் போகும் ரயில்கள்தான் நிற்கும், ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். நிலையம் கடற்கரையோடு இருப்பதால் அங்கிருந்து மிருகக்காட்சிசாலைக்கு நடந்து போக நினைக்க வேண்டாம். மீட்டர் ஓட்டோ பிடியுங்கள், அல்லது செயலியில் அழையுங்கள். சொந்த வாகனத்தில் ஞாயிறிலோ போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்திலோ போனால் தரிப்பிடம் தேடுவதிலேயே காலை நேரத்தின் அருமையை இழப்பீர்கள். அந்த நாட்களில் பஸ்தான் விரைவு.

உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் நுழைவுச்சீட்டு விலை வேறு. வித்தியாசம் பல மடங்கு. ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் சொந்தங்கள் வந்திருக்கும்போதுதான் பெரும்பாலும் இந்தப் பயணமே திட்டமிடப்படும். வந்தவர்களில் இலங்கைத் தேசிய அடையாள அட்டையோ இலங்கைக் கடவுச்சீட்டோ உள்ளவர்கள் கட்டாயம் கையில் எடுத்து வரட்டும். தமிழிலோ சிங்களத்திலோ பேசிவிட்டால் போதும் என்று நம்பி வாசலில் வாக்குவாதப்படுவதில் பயன் இல்லை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வெளிநாட்டு விலைதான் என்று கணக்கில் வைத்துக்கொண்டே புறப்படுங்கள். சில்லறைக் காசு வைத்திருந்தால் வரிசையில் மினக்கெடத் தேவையில்லை.

நாள் தெரிவில் இரண்டு விஷயம் பாருங்கள். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறைகளில் தினமும் கூட்டம். தவணைக் காலத்து வாரநாட்களில் பாடசாலைச் சுற்றுலா பஸ்கள் வந்திறங்கும், ஆனாலும் அவை தூர இடங்களில் இருந்து வருவதால் காலை முதல் மணித்தியாலம் அமைதிதான். மழையைப் பொறுத்தவரை டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை கொழும்புக்கு வரண்ட காலம். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் இடியோடு மழை பெரும்பாலும் பின்னேரம்தான் கொட்டும். காலையில் போவதற்கு இன்னொரு காரணம் இது.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லீற்றர் கணக்கில் கொண்டுபோங்கள். பிள்ளைகளுக்குத் தனிப் போத்தல் கொடுத்தால் எவ்வளவு குடித்தார்கள் என்று தெரியும். சோடாவுக்கும் பக்கெற் பானத்துக்கும் தாகம் அடங்காது. சாப்பாட்டைப் பொறுத்தவரை வீட்டில் கட்டிய புளிச்சாதம், இல்லாவிட்டால் வெள்ளவத்தையில் காலையிலேயே எடுத்த இட்லி, வடை போதும். தயிர்ச்சாதம் வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும், தேங்காய்ச் சட்னி அதைவிடக் கெதியாகப் பழுதாகும். சட்னிக்குப் பதிலாக மிளகாய்ப்பொடி எண்ணெய். வாழையிலையில் கட்டினால் குப்பையும் இல்லை. பிள்ளையின் கையில் றோல்ஸைக் கொடுத்து நடக்கவிட்டால் காகம் கொண்டுபோகும். கொழும்புக் காகம் ஆளுக்குப் பயப்படாது. இருந்து, முதுகுப் பக்கம் சுவரோ மரமோ இருக்கும்படி வைத்துச் சாப்பிடக் கொடுங்கள்.

மிச்சச் சாப்பாட்டைக் கூட்டுக்குள் எறிவதை மட்டும் ஒருபோதும் அனுமதிக்க வேண்டாம். மானும் குரங்கும் நீட்டியதை எல்லாம் வாங்கும், பொலித்தீனோடு சேர்த்து விழுங்கும். அது குடலில் கட்டிக்கொண்டால் விலங்கு பட்டினியில் சாகும்.

நுளம்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, அதுவும் காலையிலும் பின்னேரத்திலும் அதிகம். நிழலும் தண்ணீரும் உள்ள இடம் எதிலும் அது இருக்கும். பிள்ளைகளுக்கு நீளக் காற்சட்டை போடுங்கள், கணுக்காலிலும் முழங்கையிலும் நுளம்புக் களிம்பைப் பூசுங்கள். வியர்த்தால் அது கழுவுப்பட்டுப் போகும், ஆகவே இடையில் இன்னொரு முறை பூசவேண்டும்.

இந்த ஒழுங்கில் போனால் ஒரு மணிக்கு முன் முடிந்துவிடும். வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, நாலு மணிக்கு விகாரமகாதேவி பூங்காவுக்குப் போகலாம். கொழும்பு 7இல், நகர மண்டபத்துக்கு எதிரே. நுழைவுக் கட்டணம் இல்லை. தாவரவியல் பூங்கா என்ற பெயருக்கு உரிய இடம் அல்ல, ஆனாலும் பழைய பெரிய மரங்கள் உண்டு, பிள்ளைகள் ஓட இடம் உண்டு, தரை சமம். காலையில் கூடுகளைப் பார்த்த கண்ணுக்கு மரக்கிளையில் சுதந்திரமாகத் திரிகிற பறவைகளைக் காட்டினால் பிள்ளைகளே ஒப்பிடத் தொடங்குவார்கள்.

ஹெனரத்கொட: ஒரு முழுக் காலைக்கு

தாவரவியல் பூங்கா என்றதும் பலருக்குப் பேராதனைதான் ஞாபகம் வரும். அது அருமையான இடம்தான், ஆனால் கொழும்பில் இருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். சின்னப்பிள்ளைகளோடு ஒரே நாளில் போய்த் திரும்புவது வீண் அலைச்சல். கம்பஹா அப்படி இல்லை. கோட்டையில் ரயில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் இறங்கலாம், நிலையத்தில் இருந்து பூங்கா ஓட்டோவில் சில நிமிடம்.

இந்த இடத்தின் பெருமை 1876. ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து கொண்டுவந்த சுமார் 70,000 இறப்பர் விதைகள் லண்டன் கியூ பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டன. முளைத்த சில ஆயிரங்களில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. அமேசன் காட்டின் வெக்கையும் ஈரமும் பழகிய மரத்துக்குக் குளிரான பேராதனையைவிடத் தாழ்நிலம் பொருத்தம் என்பதால் அவற்றை நட இங்கே பூங்கா அமைத்தார்கள். ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களின் தொடக்க இடங்களில் ஒன்று கம்பஹாவின் இந்த மூலை. களுத்துறையிலும் கேகாலையிலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாகப் பால்வெட்டி வாழ்ந்த மரம் இது. இறப்பர்த் தோட்டத்துச் சொந்தம் உள்ள வீடென்றால், தாத்தாவையோ பாட்டியையோ கூட்டிப்போய் அந்த மரத்தடியில் பால்வெட்டு எப்படி நடக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லவையுங்கள். பட்டையில் சாய்வாக, பாதிச் சுற்றளவுக்கு வெட்டு ஓடும். ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. விடிய முன் வெட்டுவது, குளிரில்தான் பால் நிற்காமல் வடியும் என்பதால். இதை எந்தப் பலகையும் அவர்களைப் போலச் சொல்லாது.

ஜனவரி, பெப்ரவரியில் போனால் இறப்பர் இலையுதிர்த்து நிற்கும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய் வெடிக்கும் காலம். நல்ல வெயிலில் படார் என்ற சத்தத்தோடு வெடித்து, பளபளப்பான பழுப்புப் புள்ளி விதைகள் தூரப் போய் விழும். கீழே கிடப்பதைப் பார்க்கட்டும், வாயில் வைக்க விடாதீர்கள், பச்சை விதை நஞ்சு. பூவோ இலையோ பறிப்பதும் பட்டையில் பெயர் கீறுவதும் இங்கே கூடவே கூடாது.

பாதைகள் பெரும்பாலும் சமதரை என்பதால் முதியவர்களுக்கும் தள்ளுவண்டிக்கும் தெஹிவளையைவிட எவ்வளவோ சுகம். இரண்டரை மணித்தியாலம் போதும். புல்லில் உட்காரப் பழைய சேலையோ பாயோ எடுத்துப் போங்கள், முதல் நாள் மழை என்றால் நிலம் ஈரமாகவே இருக்கும். உள்ளே ஒதுங்கக் கூரை குறைவு, குடை கட்டாயம். தெஹிவளையில் போலவே இங்கேயும் உள்நாட்டு, வெளிநாட்டு விலை வேறு.

ஞாயிறைவிட வாரநாள் நல்லது. காலையில் கம்பஹாவில் இருந்து கொழும்புக்கு வேலைக்கு வருகிற கூட்டம் எதிர்த்திசையில் போவதால் உங்களுக்கு இருக்கை கிடைக்கும். நாலு மணிக்குத் திரும்பினாலும் அதே கதைதான், கூட்டம் கொழும்பை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் மேடையில் நெடுநேரம் இருக்கவேண்டி வரும். இறங்கியதுமே திரும்புகிற ரயில்களின் நேரத்தை நிலையத்துப் பலகையில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.